அலுமாரிக்குள் வளர்ந்த பயறு

பையைத் திறந்ததும் முதலில் வந்தது புளித்த பஞ்சின் மணம். அதற்குப் பிறகுதான் செடிகள் தெரிந்தன.

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபம். சனிக்கிழமைக் காலை. மழையில் நனைந்த கோட்டுகளைப் பிள்ளைகள் ஹீட்டர்களின் மேல் போட்டிருந்தார்கள். அறை முழுவதும் ஈரக் கம்பளி வாசம். என் விஞ்ஞான வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு யோகட் கோப்பைகளைக் கொண்டுவந்து நீள மேசையில் வைக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு கோப்பைகளிலும் ஒரே அளவு பஞ்சு, ஒரே அளவு தண்ணீர், ஒரே பையிலிருந்து எடுத்த பயறு. ஒன்றை யன்னல் ஓரத்திலும் மற்றதை வெளிச்சம் புகாத அலுமாரிக்குள்ளும் வைக்க வேண்டும். அரைத் தவணை விடுமுறை முழுவதும் அது பிள்ளைகளின் வேலை. பெற்றோரின் வேலை, எதையும் தொடாமல் இருப்பது. இதை நான் எழுத்திலும் கொடுத்திருந்தேன், கோடும் போட்டிருந்தேன்.

மேசையைப் பார்த்தேன். 'யன்னல்' என்று துண்டு ஒட்டிய பெரும்பாலான கோப்பைகளிலிருந்து இடியப்பம் போல நீண்ட மஞ்சள் தண்டுகள் எழுந்து, நிற்கமுடியாமல் விளிம்பில் சாய்ந்து கிடந்தன. 'அலுமாரி' என்று ஒட்டியவற்றில் கட்டையான, தடித்த செடிகள். நல்ல பச்சை இலைகள்.

கொப்பிகளைத் திறந்தேன். யன்னல்: உயரம், மஞ்சள். அலுமாரி: கட்டை, பச்சை. முடிவு: தாவரங்கள் நன்றாக வளரச் சூரிய ஒளி அவசியம்.

ஏறத்தாழ எல்லாக் கொப்பியிலும் இதே வாக்கியம். சிலவற்றில் அது பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தாக இல்லை.

யன்னல் ஓரத்தில் இருந்து வெளிறிப்போன செடியையும், கும்மிருட்டில் பச்சை பிடித்த செடியையும் நான் அதற்கு முன்பு கண்டதில்லை. இருட்டில் வளரும் முளைதான் வெளிச்சத்தைத் தேடி நெடுத்து, மஞ்சளாகி, கடைசியில் விழும். வெளிச்சத்தில் வளர்வதற்கு அவசரம் இல்லை. அது கட்டையாக, பச்சையாக நிற்கும். பிள்ளைகள் கண்டு ஆச்சரியப்பட வேண்டும் என்றுதான் இந்தப் பரிசோதனையையே தேர்ந்தெடுத்தேன்.

ஆச்சரியப்பட்டது நான்.

தேவையான பொருட்கள்

வார நாட்களில் நான் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். கையில் இரசாயனவியல் டிப்ளோமா. ஆசிரியர்கள் கேட்கும் பொருட்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி வகுப்புக்கு அனுப்புவதும், திரும்பி வருவதை எண்ணி, கழுவி, உடைந்ததை எழுதி வைப்பதும் என் வேலை. அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கொளுத்திப் பார்ப்பார்கள். எதையும் எழுதமாட்டார்கள்.

இந்த மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நேரெதிர். எல்லாவற்றையும் எழுதுவார்கள். எதையும் தொடமாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் எறியும் சாமான் போதும் என்று பெற்றோருக்குப் பட்டியல் அனுப்பினேன். வெறும் யோகட் கோப்பை. குடித்து முடித்த ஸ்ட்ரோ. வினாகிரி கொஞ்சம். அப்பச்சோடா ஒரு கரண்டி. பிஸ்கட் டின். செத்த பற்றறி. அரைவாசிச் சிவப்புக் கோவா, அதாவது முட்டைக்கோஸ்.

யோகட் கோப்பை கேட்டதற்கு, உறை பிரிக்காத புதுப் பிளாஸ்டிக் குவளைகள் வந்தன. "கழிவுச் சாமானை என்னண்டு ரீச்சர் பிள்ளையிட்டக் குடுத்து விடுறது?" என்றார்கள். கழிவுதான் வேண்டும் என்று மூன்று கிழமை சொல்லி முடித்தேன். செத்த பற்றறி ஒருவரும் அனுப்பவில்லை. எல்லாரும் புதிது வாங்கி அனுப்பினார்கள். உயிருள்ள பற்றறிக்கும் செத்த பற்றறிக்கும் என்ன வித்தியாசம் என்ற பாடத்தை, எல்லாமே எரியும் மின்குமிழ்களோடு நடத்தினேன்.

சிவப்புக் கோவா அரைவாசி கேட்டிருந்தேன், சாறு பிழிந்து வினாகிரியில் நிறம் மாறுவதைக் காட்ட. ஒரு தாய் அதைத் தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்கி, மூடியுள்ள பெட்டியில் அனுப்பியிருந்தார். "ரீச்சர் மத்தியானம் சாப்பிட எண்டு அம்மா சொன்னவா."

நன்றாக இருந்தது. பரிசோதனை நடக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த மணித்தியாலத்துக்கு ஆயுள் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். நல்ல பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் லெவன் பிளஸ் சோதனையில் விஞ்ஞானம் இல்லை. இல்லாத பாடத்துக்கு ஏன் நேரம் என்று பெற்றோர் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பழைய வினாத்தாள் செய்யும் நேரமாக மாற்ற வேண்டும் என்று பள்ளிச் செயற்குழுவில் பேச்சு வந்திருந்தது. மறுநாள் ஞாயிறு பெற்றார் தினம். அங்கே என் மேசையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மேசையில் வைக்க என்னிடம் இருந்தவை, மேலே சொன்ன கோப்பைகள்.

செலோடேப்

திருத்திய விதங்கள் பலவாக இருந்தன. பெரும்பாலானோர் துண்டுகளைக் கழற்றி மாற்றி ஒட்டியிருந்தார்கள். செலோடேப்பில் இரண்டாம் முறை ஒட்டிய சுருக்கமும் தூசியும் தெரிந்தன. ஒருவர் அலுமாரிச் செடியைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கட்டையாக்கியிருந்தார். நுனிகள் மட்டமாக, நேற்று முடி வெட்டியது போல. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர் அம்மாவின் மகன், சூப்பர் மார்க்கெட்டில் சலாட்டுக்கு விற்கும் முளைக்கீரையை யன்னல் கோப்பையில் செருகிக்கொண்டு வந்தான்.

"ஆமா டீச்சர், எங்களோடது செத்துப்போச்சு," என்றார் அந்த அம்மா வாசலில், சிறிதும் கூச்சமில்லாமல். "பையன் அழுதான். அதான் கடைல வாங்கிட்டேன்."

இதெல்லாம் போதாதென்று, சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள அலுமாரி வேண்டாம், அதன் சூடும் செடியை மாற்றிவிடும் என்று நான் சொன்னதையும் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் வீட்டிலேயே நல்ல அலுமாரியாம்.

குணம் அண்ணை மகள் யாழினியை விட்டுவிட்டு வாசலில் நின்றார். இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். செயற்குழுவிலும் இருக்கிறார். வினாத்தாள் யோசனை அவருடையதுதான்.

"அண்ணை, யாழினியின்ர கோப்பையில துண்டை ஆர் மாத்தினது?"

"நான்தான் மாத்தினனான்." ஒளிக்கவில்லை. "பிள்ளை கவலையீனமா மாறி ஒட்டிப்போட்டாள் ரீச்சர். நல்ல காலம், நான் கண்டிட்டன்."

"மாறி ஒட்டேல்ல. உண்மையாவே அலுமாரிக்குள்ள வைச்சதுதான் உயரம்."

"அதெப்பிடி? வெளிச்சம் இல்லாட்டி வளராது எண்டுதானே புத்தகத்தில கிடக்கு."

"புத்தகத்தை விடுங்கோ. யன்னலில இருந்த செடியை நீங்கள் கண்ணால கண்டனீங்கள்தானே?"

"கண்டனான். கட்டையாக் கிடந்தது. அதுதானே பிழை எண்டு விளங்கினது."



வெங்காயத் தோல்

அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. நானும் அவரைப் போல ஊரில்தான் படித்தேன்.

எங்கள் பள்ளியில் விஞ்ஞானம் ஐந்து தலைப்புகளில் நடந்தது. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானம், முடிவு. ஐந்தையும் ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதுவோம். 'அவதானம்' என்பது கண்ணால் காண்பது அல்ல, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. செய்யாத பரிசோதனைக்கு அழகான முடிவு எழுதிப் புள்ளி வாங்குவோம்.

ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது, பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள். மேற்பார்வைக்கு ஆட்கள் வரும் நாளில் தூசி தட்டி மேசையில் வைப்பார்கள். தொடக்கூடாது. வெங்காயத் தோலின் கலங்களைச் செங்கல் அடுக்கியது போல நான் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டினார்கள்.

வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் நான் முதன்முதலாகப் பார்த்தது பார்க்கிங்கில், வேலைக்குச் சேர்ந்த பிறகு, மதிய இடைவேளையில். செங்கல் தெரியவில்லை. பெரிய வட்டமாக ஒரு காற்றுக் குமிழி தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே கலம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

அப்படிப் படித்தவர்கள்தான் இந்தப் பெற்றோர். சோதனை அவர்களைக் கடல் கடத்தியது, அல்லது சோதனையில் ஒரு புள்ளி குறைந்ததால் ஏதோ ஒன்று கைவிட்டுப் போனது. பிள்ளை பிழையான விடையோடு வீட்டை விட்டு வெளிக்கிடுவதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. மழைக்குக் கோட்டுப் போட்டு அனுப்புவது போல, கோப்பையையும் திருத்தி அனுப்பினார்கள்.

இதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். அன்று காலை எனக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

கதிரைக்கு அடியில்

பதின்மூன்று பேரின் கோப்பைகள்தான் மேசையில் இருந்தன என்பதை அதன் பிறகே கவனித்தேன். கடைசி வரிசையில் துளசி தன் பையைக் கதிரைக்கு அடியில் தள்ளி, காலால் மறைத்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை.

"உம்மட எங்கை?"

"என்ரை பிழைச்சுப் போச்சு ரீச்சர்."

பையை வாங்கித் திறந்தேன். 'அலுமாரி' நெடுத்து மஞ்சளாகக் கிடந்தது. 'யன்னல்' கட்டையாகப் பச்சையாக நின்றது. துண்டுகள் ஒரே தரம் ஒட்டியவை.

"வீட்டில ஒருத்தரும் பாக்கேல்ல," என்று தொடங்கினாள், மன்னிப்புக் கேட்கும் குரலில். "அம்மாவும் அப்பாவும் விசா விஷயமா குரோய்டனுக்குப் போய் வந்தவை. மிச்ச நாள் ரெண்டு பேருக்கும் ஷிப்ட். பாத்திருந்தால் சரியா வந்திருக்கும்."

"துளசி, உம்மடதுதான் சரி."

அவள் மேசையிலிருந்த மற்றக் கோப்பைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள் போலும்.

"மிஸ், எல்லாருடையதும் வேற மாதிரி இருக்கே," என்றான் முளைக்கீரைப் பையன், ஆங்கிலத்தில். "மெஜாரிட்டி வின்ஸ்."

மாஸ்டரின் கணக்கு

தேநீர் இடைவேளையில் சதாசிவம் மாஸ்டர் வந்தார். பள்ளியின் செயலாளர். ஊரில் பௌதிகம் படிப்பித்தவர். இங்கே பெட்ரோல் நிலையத்தில் காசாளர். மேசையை ஒருமுறை பார்த்தார். துளசியின் கோப்பைகளைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணில் ஒரு சிரிப்புக்கூட வந்தது.

"எல்லாரும் மாத்திப்போட்டினம் என்ன?"

"ஓம் மாஸ்டர். இந்தப் பிள்ளையைத் தவிர."

"அப்ப நாளைக்கு இந்தப் பிள்ளையின்ரயை வையாதையும்."

துளசியின் கோப்பைகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கோவிக்காதையும் பிள்ளை. பதின்மூண்டு ஒரு மாதிரி, ஒண்டு வேற மாதிரிக் கிடந்தால் சனம் என்ன நினைக்கும்? ஒண்டு பிழைச்சுப் போச்சு எண்டுதான். குணம் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"பிழைச்சது பதின்மூண்டும் மாஸ்டர்."

"எனக்குத் தெரியும். உமக்குத் தெரியும். சேலை கட்டிக்கொண்டு டான்ஸ் பாக்க வந்த சனத்துக்கு அதை விளங்கப்படுத்த உமக்கு எவ்வளவு நேரம் தருவினம்? வயலினுக்கும் நன்றியுரைக்கும் நடுவில ஒரு துண்டு நேரம். உமக்கு மணித்தியாலம் வேணுமோ, வெற்றி வேணுமோ?"

"ரெண்டும் வேணும்."

"ஆசை பெரிசுதான்," என்று தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்ததும் எல்லாத் துண்டுகளையும் கழற்றினேன். முளைக்கீரையையும் கத்தரித்த செடியையும் ஒதுக்கி வைத்தேன். துளசியின் கோப்பைகளில் கை வைத்தபோது அவள் தடுத்தாள்.

"சரி எண்டு சொன்னீங்கள். பிறகேன் கழட்டுறீங்கள்?"

நியாயமான கேள்வி. அவளுடையவற்றை மட்டும் துண்டுகளோடு ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

பாலிகை

பெற்றார் தினத்தில் எனக்குக் கிடைத்த இடம், மண்டபத்தின் பின்மூலையில், தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கம். அதுவே நல்லதாகப் போயிற்று. இடைவேளையில் எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

மேசையில் கோப்பைகள் கலந்து கிடந்தன, ஒரு துண்டும் இல்லாமல். முன்னால் ஓர் அட்டை: எது யன்னலில் இருந்தது, எது அலுமாரிக்குள் இருந்தது? பிரித்து வையுங்கள்.

ஆண்கள் முதலில் வந்தார்கள். உயரமானதை யன்னல் பக்கம் தள்ளினார்கள். குணம் அண்ணை தள்ளிவிட்டு, "இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் ரீச்சர்," என்றார். மாஸ்டர் தூரத்தில் நின்று கூரையைப் பார்த்தார். என் மணித்தியாலம் கொதிகலனின் ஆவியோடு மேலே போவது எனக்கே தெரிந்தது.

பிறகு பெண்கள் வந்தார்கள், கையில் வடையும் கடுதாசித் தட்டுமாக. குணம் அண்ணையின் மனைவி மலர் அக்கா ஒரு மஞ்சள் கோப்பையைத் தூக்கி, முகர்ந்து பார்த்தார்.

"இது பாலிகை எல்லோ."

கலியாணத்துக்கு முன் நவதானியத்தை ஊறவைத்து, மண்சட்டியில் இட்டு முளைக்கவிடுவார்களே, அந்தப் பாலிகை.

"ஓமக்கா," என்றார் பக்கத்தில் நின்றவர். "அறைக்குள்ள மூடி வைச்சால் இப்பிடித்தான் மஞ்சளா வரும்."

"என்ரை மாமி சாமியறைக்குள்ள வைச்சுக் கதவையும் சாத்திப்போட்டா. பிறகு எடுத்துப் பாத்தால் இந்த உயரம். நிக்க ஏலாமல் சாய்ஞ்சு கிடந்தது, மாப்பிள்ளை மாதிரி."

சிரிப்பு எழுந்தது. டாக்டர் அம்மாவும் கூட்டத்துக்குள் வந்தார். "எங்க ஊர்ல முளைப்பாரின்னு சொல்வோம். இருட்டு ரூம்லதான் வளர்ப்பாங்க. வெளிச்சம் பட்டா பச்சையாயிடும்."

"அப்ப இதுகள் எல்லாம் அலுமாரிக்குள்ள இருந்தது," என்று மலர் அக்கா வடைத் தட்டை என் கையில் தந்துவிட்டு, மஞ்சள் கோப்பைகளை ஒரு பக்கமும் பச்சையை மறுபக்கமும் ஒதுக்கினார். கடையில் மரக்கறி பிரிக்கும் வேகம். ஒருவரும் மறுக்கவில்லை.

துளசி பெட்டியைத் திறந்து தன் இரண்டு கோப்பைகளையும் எடுத்தாள். 'அலுமாரி' என்று எழுதியதை மஞ்சள் பக்கமும் 'யன்னல்' என்று எழுதியதைப் பச்சைப் பக்கமும் வைத்தாள். இரண்டும் பொருந்தின. அவள் பிறகு அந்த மேசையை விட்டு நகரவேயில்லை. வந்தவர்களுக்கெல்லாம், "இது என்ரை," என்று காட்டிக்கொண்டு நின்றாள்.

குணம் அண்ணை மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "தெரிஞ்சால் நீர் ஏன் வீட்டில சொல்லேல்ல?"

"நீங்கள் என்னட்டக் கேட்டனீங்களே? செலோடேப் எங்கை எண்டுதான் கேட்டனீங்கள்."

இந்த இடத்தில் கதையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"சரி ரீச்சர். அப்ப சோதினையில எதை எழுதிறது?"

"கண்டதை எழுதட்டும் அண்ணை."

"கண்டது பிழைச்சால்?"

அன்று மாலை செயற்குழு கூடியது. மணித்தியாலம் அடுத்த தவணை வரை இருக்கலாம் என்று மாஸ்டர் வந்து சொன்னார். ஒரு நிபந்தனை. இனிமேல் ஒவ்வொரு பரிசோதனையின் சரியான முடிவையும் ஆசிரியை முன்கூட்டியே பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். வீட்டில் சரிபார்ப்பதற்காக.

"ஆற்ர யோசனை எண்டு கேளாதையும்," என்றார்.

காலுறைக்குள் ஐஸ்

அடுத்த பரிசோதனைக்கு, இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைக் கம்பளிக் காலுறைக்குள், மற்றதைச் சும்மா தட்டில். எது முதலில் உருகும்? கம்பளி வெளிச்சூட்டை உள்ளே விடாது. காலுறைக்குள் இருப்பது பிந்தித்தான் உருகும். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிபந்தனைப்படி முடிவையும் எழுதி அனுப்பினேன். ஐந்து தலைப்புகளும் இருந்தன. ஐந்தாவதன் கீழே: உங்கள் வீட்டில் கண்டதே சரியான முடிவு.

அந்தக் கிழமை முழுவதும் என் தொலைபேசி ஓயவில்லை. காலுறை தோய்த்ததோ, தோய்க்காததோ என்று கேட்டார்கள். பருத்திக் காலுறைக்கு எத்தனை புள்ளி குறையும் என்று கேட்டார்கள். முடிவு எழுத மறந்துபோய்விட்டேன் போலிருக்கிறது என்று ஒருவர் பக்குவமாக ஞாபகப்படுத்தினார்.

வியாழன் பின்னேரம், நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது குணம் அண்ணை எடுத்தார்.

"ரீச்சர், எங்கட பிழைச்சுப் போச்சு."

"என்ன நடந்தது அண்ணை?"

"கம்பளி சூடு எல்லோ. காலுறைக்குள்ள கிடந்ததுதான் கெதியா உருகோணும். ஆனால் தட்டில கிடந்தது முழுக்கத் தண்ணியாப் போச்சு. காலுறைக்குள்ள இருந்தது கல்லு மாதிரிக் கிடக்கு."

"யாழினி கொப்பியில என்ன எழுதினவள்?"

"அப்பிடியேதான் எழுதினவள். பிழையெண்டாலும் பரவாயில்லை எண்டு விட்டிட்டன்." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்டிலயும் கை வைக்கேல்ல ரீச்சர். ஒண்டும் மாத்தேல்ல."

கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். இத்தனை மாதங்களில் இந்த ஒரு வசனத்தைத்தான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நல்லது அண்ணை. மிச்சத்தை வகுப்பில கதைப்பம்."

"ஓம் ஓம். நீங்கள் நம்பவேணும் எண்டு அந்த ஐஸை அப்பிடியே காலுறையோட பிறீசருக்குள்ள வைச்சிருக்கிறன். சனிக்கிழமை கொண்டுவாறன். நீங்களே பாருங்கோ, உருகேல்ல."

பின்னாலிருந்து மலர் அக்காவின் குரல் கேட்டது. "மீனுக்குப் பக்கத்தில சொக்ஸ் கிடக்கு. அதை எப்ப எடுக்கிறது எண்டு ரீச்சரிட்டக் கேளுங்கோ."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். பிறீசருக்குள் வைத்தால் எந்த ஐஸும் உருகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கொண்டுவாங்கோ அண்ணை," என்றேன்.